தச்சன் மகனும் பழைய லான்ட் றோவரும்



38 ஆண்டுகளாகப் படுக்கையிலே கிடந்த ஒருவனை ஆண்டவர் எழுப்பி நடக்கவைத்த செய்தியை அருளப்பர் நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அது ஓய்வுநாளில் நடந்தபடியால் யூதத் தலைவர்கள் அவரைக் குற்றம் சாட்டினார்கள். அப்பொழுது அவர் கொடுத்த மறுமொழியைக் கவனியுங்கள். மகன் தானாக எதையும் செய்வதில்லை, தந்தை செய்யக் கண்டதையே அவனும் செய்கிறான், தந்தைக்கு அவன்மேல் அன்பு இருப்பதனால் தாம் செய்வதையெல்லாம் அவனுக்குக் காண்பிக்கிறார் என்னும் பொருள்பட அவர் பேசினார்.

தமதிரித்துவத்தின் ஆழ்ந்த மறைபொருள் இதிலே இருக்கிறது. ஆயினும், ஒரு சிறிய உவமையும் இந்த வசனத்துக்குள் மறைந்திருக்கிறது என்று வேத விற்பன்னர் சிலர் எழுதியிருக்கிறார்கள். ஒரு தொழிற்கொட்டில். கையிலே கருவியோடு ஒரு தகப்பன். பக்கத்திலே நின்று உற்றுப் பார்க்கும் சிறுவன். நாசரேத்தூரில் தாம் வளர்ந்த வீட்டையே ஆண்டவர் நினைத்துச் சொன்னார் என்று எண்ணிப் பார்ப்பதில் தவறென்ன?

நாம் "தச்சன்" என்று சொல்லும் இடத்தில் நற்செய்தியாளர் எழுதிய கிரேக்கச் சொல், மரவேலையோடு வீடு கட்டும் வேலையையும் செய்யும் கைவினைஞனைக் குறிக்கும். மத்தேயு அவரைத் தச்சனுடைய மகன் என்று ஊரார் அழைத்ததாக எழுதுகிறார். மாற்குவோ அவரையே தச்சன் என்று அழைத்ததாக எழுதுகிறார். அதாவது, தகப்பனின் தொழில் மகன் கைக்கு முழுமையாக வந்து சேர்ந்துவிட்டது. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த வேதசாட்சியான புனித யுஸ்தீன், இயேசு கலப்பைகளும் நுகங்களும் செய்தார் என்று எழுதிவைத்திருக்கிறார். கலப்பை உடைந்தால் உழவன் எங்கே போவான்? தச்சனிடம்தான். ஆகவே உலகத்தை மீட்க வந்தவர், அதற்கு முன் பல ஆண்டுகள் உடைந்ததைத் திருத்தும் வேலையையும் செய்திருப்பார்.

நம்முடைய வீடுகளில் தகப்பன்மார் பிள்ளைகளுக்கு என்ன காண்பிக்கிறார்கள்? சைக்கிளோ தண்ணீர் மெசினோ பழுதாகிவிட்டால் மகனைக் கூப்பிடுவது உண்மைதான். கூப்பிட்டு அவன் கையில் கொடுப்பது ரோச் லைற்றை. "இஞ்சை பிடி. ஆட்டாதை. எங்கையடா பாக்கிறாய்?" இந்த மூன்று வசனங்களோடு பாடம் முடிந்துவிடும். அரைமணி நேரத்தில் பையனுக்குக் கைநோவும் தகப்பனுக்குக் கோபமும் வந்ததுதான் மிச்சம். மகள்மாரை நாம் ரோச் லைற்றுக்கும் கூப்பிடுவதில்லை.

மன்னார்ப் பெருநிலப் பரப்பிலே ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். அவர்களுடைய சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். பெயரும் ஊரும் வேண்டாம். அவர்களுடைய வளவில், வேப்பமரத்தின் கீழ், ஒரு லான்ட் றோவர் ஜீப் நின்றது. பிள்ளைகளின் அப்பப்பா அதை 1970களில் ஏலத்தில் எடுத்தார். வெளிநாட்டு வாகன இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலம் அது. இருந்ததைத் திருத்தி ஓடுவதைத் தவிர வேறு வழியில்லை. நெல்மூட்டை ஏற்றினார், மாரியில் சேற்றில் புதைந்த வண்டில்களை இழுத்தார், ஆவணித் திருநாளுக்கு மடுவுக்குப் போகிறவர்களை ஏற்றி இறக்கினார். 1990இன் பின் பொருளாதாரத் தடை வந்தபோது, வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் ஓடிய மற்ற வாகனங்களைப் போலவே அதுவும் மண்ணெண்ணெயில் ஓடியது. சில துளி பெற்றோலை விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றும் வித்தையை இதை வாசிக்கும் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அந்தப் புகையையும் மறந்திருக்கமாட்டார்கள். எரியாத மண்ணெண்ணெய் எஞ்சின் ஒயிலோடு கலந்து அதைத் தண்ணீராக்கிவிடும், கரி படியும். கடைசியில் அந்த எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. பின்பு இடப்பெயர்வு. யுத்தம் முடிந்து இவர்கள் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரையில்லை, ஜீப்புக்கு ரயரில்லை. அப்பப்பாவும் உயிரோடு இல்லை.

இந்த ஜீப்பின் வரலாறே ஒரு மறையுரைக்குப் போதும். இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபின், இங்கிலாந்தின் றோவர் கம்பனியில் பொறியியலாளராக இருந்த மொறிஸ் வில்க்ஸ் என்பவர், வேல்ஸ் நாட்டின் அங்கிள்சி தீவிலிருந்த தமது பண்ணையில், இராணுவம் கழித்துவிட்ட அமெரிக்க ஜீப் ஒன்றை வைத்திருந்தார். அதற்கு மாற்றாக எதை வாங்கலாம் என்ற பேச்சு வந்தபோதுதான், அப்படியொன்றை நாமே செய்தால் என்ன என்று அவரும், அதே கம்பனியை நிர்வகித்த அவருடைய சகோதரர் ஸ்பென்சரும் எண்ணினார்கள். 1947இல் கடற்கரை மணலில் மொறிஸ் அதன் உருவத்தைக் கீறிக் காட்டினாராம். 1948 ஏப்ரிலில் அது அம்ஸ்ரடாம் கண்காட்சிக்கு வந்தது. யுத்தத்தின் பின் உருக்குக்குத் தட்டுப்பாடு இருந்தபடியால் உடம்பை அலுமினியத்தால் செய்தார்கள். வயலில் இயந்திரங்களை ஓட்டுவதற்கு அதன் எஞ்சினிலிருந்தே சக்தி எடுக்கவும் வசதி வைத்தார்கள். யுத்தத்துக்கென்று பிறந்த ஒன்று உழவனுடைய வேலைக்கு மாற்றப்பட்டது. வாள்களைக் கொழுக்களாக அடிப்பதைப் பற்றி இறைவாக்கினர் இசையாஸ் கண்ட காட்சியை நினைத்துக்கொள்ளுங்கள். பிறகு அதே லான்ட் றோவரைப் பல நாட்டு இராணுவங்களும் வாங்கின என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மனிதன் கொழுவைத் திரும்பவும் வாளாக அடிக்கக்கூடியவன். நமக்கு அதை எவரும் விளக்கத் தேவையில்லை.

கதைக்கு வருவோம். அந்த வீட்டு மகன் உயர்தரப் பரீட்சையில் சித்தியடையவில்லை. தகப்பன் ஏசினார், மகன் பேச்சை நிறுத்தினான். ஒரே கோப்பையில் சோறு பிசைந்து வளர்ந்த வீட்டில், தாய் இருவருக்கும் நடுவே தபாற்காரியாக நின்றாள். "சாப்பிட வரச் சொல்லு." "பசிக்கேல்லையாம்." இப்படி ஒரு வருடம். தாய் என்னிடம் வந்து, மகனுக்குப் புத்தி சொல்லும்படி கேட்டாள். புத்தி சொல்லப்பட்டது, ஒரு பயனும் விளையவில்லை.

2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்கள் மறுபடி வருவதற்கு 2025 பெப்ரவரி ஆயிற்று. பழைய சிறு லொறிகளின் விலை கூட எட்டாத உயரத்துக்குப் போனது. தகப்பனுக்கோ வயலுக்கு ஒரு வாகனம் இல்லாமல் முடியாது. ஒருநாள் வேப்பமரத்தடியில் போய் நின்று பார்த்தார். பலர் யோசனை சொன்னார்கள்: பழைய எஞ்சினைத் தூக்கி எறிந்துவிட்டு ஜப்பான் டீசல் எஞ்சின் ஒன்றை வை. நம் நாட்டில் பல லான்ட் றோவர்கள் அப்படித்தான் ஓடுகின்றன. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதற்கும் பணம் வேண்டும். இருக்கிற எஞ்சினையே எழுப்புவோம் என்று தொடங்கினார்கள். மகன் ரோச் லைற் பிடிக்க வந்தான்.

இறுகிப்போன எஞ்சினை எப்படி இளக்குவது தெரியுமா? பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் டீசலும் ஒயிலும் கலந்து ஊற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஒரு நாளல்ல, பல நாட்கள். பிறகு முன்னால் கைபிடிக் கம்பியைக் கொழுவி மெல்ல அசைத்துப் பார்க்க வேண்டும். அசையாவிட்டால் இன்னும் ஊற்றிக் காத்திருக்க வேண்டும். பலவந்தம் பண்ணினால் உள்ளே ஏதாவது உடையும். தகப்பன் பலவந்தம் பண்ணினார். உடைந்தது எஞ்சினல்ல, பக்கத்தில் கழற்றிக்கொண்டிருந்த புகைக்குழாயின் ஆணி. துருப்பிடித்த போல்ற்றை ஸ்பானரால் ஒரேயடியாகத் திருகினார். தலை கையோடு வந்துவிட்டது. மகன் ரோச் லைற்றைப் பிடித்தபடி நின்றான். "இது என்ரை பிழை" என்றார் தகப்பன். அந்த வார்த்தையை அதற்கு முன் அப்பாவின் வாயிலிருந்து கேட்டதில்லை என்று பையன் பிறகு என்னிடம் சொன்னான். ஒரு நிமிடம் கழித்து அவர் ஸ்பானரை நீட்டினார்: "நீ பாரன். உனக்குக் கை மெல்லிசு."

அன்பான தகப்பன்மாரே, நமக்குக் கஷ்டமான இடம் இதுதான். நாம் செய்தால் பத்து நிமிடம். அவன் செய்தால் ஒரு மணித்தியாலம், அத்தோடு ஒரு நட்டும் பழுது. பொறுமையில்லாமல் பிடுங்கிக்கொள்கிறோம். பரலோகத் தந்தையோ உலகத்தை மீட்கும் வேலையைத் தாமே ஒரு வார்த்தையால் முடித்திருக்கலாம். அவர் மகனை அனுப்பினார். மகனோ மீன்பிடிகாரர் பன்னிருவரை என்று சொல்ல வாயெடுக்கிறேன். எல்லாரும் மீன்பிடிகாரரல்லர், ஆனாலும் யாரும் கைதேர்ந்தவரல்லர். அவர்களிடம் வேலையை ஒப்படைத்துவிட்டுப் போனார். அவர்கள் பழுதாக்கிய நட்டுகளை இரண்டாயிரம் ஆண்டுகளாகத் திருச்சபை எண்ணிக்கொண்டிருக்கிறது.

எஞ்சின் பன்னிரண்டாம் நாள் அசைந்தது. கால் சுற்றுத்தான். வீட்டுக்குள்ளிருந்த தாய்க்குச் சத்தம் கேட்டு, யாருக்கோ ஏதோ நடந்துவிட்டது என்று ஓடி வந்தாளாம்.

அடுத்து வந்தது சண்டை. லான்ட் றோவரின் மேலுடம்பு அலுமினியம். அது உருக்கைப்போல் செந்துரு ஏறாது. எத்தனை மழை பெய்தாலும் வெளியே பார்க்க நன்றாகவே இருக்கும். ஆனால் அந்த உடம்பைத் தாங்கும் சேசிஸ் உருக்குத் தகடுகளைப் பெட்டிபோல ஒட்டிச் செய்தது. அதற்குள்ளே சேறும் நீரும் தங்கி, உள்ளிருந்து வெளியே அரிக்கும். கண்ணுக்குத் தெரியாது. சுத்தியலால் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல இடம் கணீர் என்னும், உக்கிய இடம் தொப்பென்னும். உருக்கும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்கும் இடங்களில் கடற்காற்றின் உப்புப் பட்டால் அலுமினியமும் வெள்ளைப் பொடியாய் உதிரும். தகப்பனுக்கு அவசரம்: பெயின்ற் அடி, ஓடட்டும். மகன் தட்டிப் பார்த்துவிட்டு, பின் குறுக்குச் சட்டமும் பக்கத் தாங்கிகளும் உக்கிவிட்டன, வெட்டி எடுத்துப் புதுத் தகடு ஒட்டாமல் பெயின்ற் அடிக்க விடமாட்டேன் என்றான். இரண்டு கிழமை வேலை நின்றது. வெள்ளையடித்த கல்லறைகளைப் பற்றி ஆண்டவர் மத்தேயு நற்செய்தியின் 23ஆம் அதிகாரத்தில் பேசியதை இந்த இடத்தில் நான் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. தகப்பனுக்கு அது நன்றாகத் தெரியும், அவர் கோவிலில் வாசகம் வாசிக்கிறவர். ஆனால் அவரை மசியவைத்தது வேதவாக்கியமல்ல. மகன் அவருடைய கையைப் பிடித்து, சுத்தியலைக் கொடுத்து, "நீங்களே தட்டிப் பாருங்கோ அப்பா" என்றான். இரண்டாம் தட்டில் சுத்தியல் உள்ளே போய்விட்டது. இப்போது காண்பித்தவன் மகன்.

அந்த வீட்டுச் சின்ன மகளையும் சொல்லவேண்டும். திருத்தும் முறைகள் எழுதிய புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. தகப்பனுக்கும் தமையனுக்கும் அது ஓடவில்லை. அவள் மண்ணெண்ணெய்ப் பீப்பாவின்மேல் இருந்து, வரி வரியாக வாசித்து விளக்கினாள். எரிபற்றும் ஒழுங்கு ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு என்பதை அவள்தான் கண்டுபிடித்துச் சொன்னாள். அதற்கு முன் இரண்டு நாள் தமையன் வயர்களை மாற்றி மாற்றிக் கொழுவிக்கொண்டிருந்தானாம். எஞ்சின் ஓடுவதற்கு முன் பிறேக்கைத் திருத்துங்கள் என்று பிடிவாதமாய் நின்றவளும் அவள்தான். நான்கு சில்லுகளிலும் பிறேக் றப்பர்கள் உலர்ந்து வெடித்திருந்தன. ஓடக்கூடிய, ஆனால் நிறுத்தமுடியாத வாகனத்தை வளவுக்குள் வைத்திருப்பது புத்தியல்ல என்பது அவளுடைய கட்சி. நியாயமான கட்சி.

பிறகு ஒருநாள், தரைத் தகடுகளையும் ஆசனப் பெட்டியையும் கழற்றியபோது, பெட்டியின் உட்புறத்து அலுமினியத் தகட்டிலே ஆணியால் கீறிய எழுத்துக்களை மகன் கண்டான். இரண்டு பெயர்கள், 1988 என்று ஓர் ஆண்டு. ஒன்று தகப்பனுடைய பெயர். மற்றது அவருடைய தமையனுடையது. "அப்பா, இது பெரியப்பாவே கீறினவர்?" என்று மகன் கேட்டான். தகப்பன் சேசிஸின்மேல் அப்படியே இருந்துவிட்டார்.

அந்தப் பெரியப்பா 2009இல் காணாமற்போனவர். சுவரிலே படம் உண்டு. அப்பாச்சி அந்தப் படத்தைக் கையில் ஏந்தி, 2017இல் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் வீதியோரத்தில் அமரத் தொடங்கிய தாய்மாரோடு தானும் போய் இருந்துவிட்டு வந்தவர். ஆனால் தகப்பன் தமையனைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசியதில்லை. பிள்ளைகளும் கேட்கப் பயந்தார்கள். அன்றைக்குப் பேசினார். அப்பப்பா ஜீப்பைத் திருத்தும்போது தமையனிடம் ஸ்பானரையும் தம்மிடம் ரோச் லைற்றையும் கொடுப்பாராம். தமக்கு அதில் எவ்வளவு பொறாமை இருந்தது என்பதைச் சொன்னார். ஒருநாள் இருவருமாக அப்பப்பாவுக்குத் தெரியாமல் வண்டியை ஸ்ராட் பண்ணி, வேலியை உடைத்த கதையைச் சொன்னார். அடிக்கு நின்றவர் தமையன் மட்டும்தானாம். சொல்லிக்கொண்டே கையிலிருந்த நட்டைச் சீலையால் துடைத்துத் துடைத்து, அது வெள்ளிபோல் ஆகிவிட்டது என்று மகள் என்னிடம் சொன்னாள்.

நற்செய்தியில் புனித சூசையப்பர் ஒரு வார்த்தையும் பேசியதாக எழுதப்படவில்லை. நம்முடைய தகப்பன்மார் பலர் இதைத் தங்களுக்கு ஓர் அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொள்கிறார்கள். அது சரியல்ல. சூசையப்பருடைய மௌனம் கடவுளுடைய சொல்லைக் கேட்டுக்கொண்டிருந்தவருடைய மௌனம். கேட்டவுடன் எழுந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எகிப்துக்குப் போனார். நம்முடையது வேறு. 1983க்கும் 2009க்கும் இடையில் நம் வீடுகளில் அடைபட்டுப்போன பேச்சு அது. இழந்ததைச் சொன்னால் தாங்கமாட்டோம் என்று மூடிவைத்தோம். பிள்ளைகளோ, அப்பாவுக்கு நம்மிலே விருப்பமில்லை என்று அதற்குப் பொருள் செய்துகொண்டார்கள். அப்படிப்பட்ட தகப்பனை மேசைக்கு முன்னால் இருத்தி, "பேசு" என்றால் பேசுவாரா? மாட்டார். முகத்தோடு முகம் பார்த்துச் சொல்ல முடியாத சில காரியங்கள் உண்டு. இரண்டு பேரும் ஒரு எஞ்சினைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது, கைகள் இரண்டுக்கும் வேலையிருக்கும்போது, அவை தாமாக வெளியே வரும். ஆண்டவரே எம்மாவூஸ் வழியில் சீடரோடு பக்கத்தில் நடந்துகொண்டுதான் அவர்களைப் பேசவைத்தார்.

எல்லார் வளவிலும் லான்ட் றோவர் நிற்காது என்று நீங்கள் சொல்லலாம். தையல் மெசின் இல்லையா? வள்ளத்து எஞ்சின்? கிழிந்த வலை? அம்மம்மாவின் அலுமாரி? மறுபுறத்தில், ஜீப் வைத்திருக்கும் சிலருக்கும் ஒரு வார்த்தை. ஞாயிற்றுக்கிழமைப் பூசை மணி அடிக்கும்போது வாகனத்துக்குக் கீழே கிடந்து, கால் மட்டும் வெளியே தெரியும் சில அன்பர்களை நான் அறிவேன். மகளின் ரியூசன் காசில் கண்ணாடியும் விளக்கும் வாங்குகிறவர்களையும் அறிவேன். இஸ்ராயேலர் பொன்னை உருக்கிக் கன்றுக்குட்டி செய்தார்கள், அலுமினியத்திலும் செய்யலாம்.

2022இல் பெற்றோலுக்கு நாடே வரிசையில் நின்றபோது அவர்களுடைய வண்டி ஓடத் தயாராயிருந்தது, ஊற்றத்தான் ஒன்றுமில்லை. தகப்பனும் மகனும் சைக்கிளில் வயலுக்குப் போனார்கள். மகன் இப்போது வவுனியாவில் ஒரு கராஜில் வேலை பழகுகிறான். சனிக்கிழமை பின்னேரம் வீட்டுக்கு வருவான். பரீட்சையைப் பற்றித் தகப்பன் இன்னும் இடைக்கிடை முணுமுணுக்கிறார். மகன் இன்னும் சில நாளில் முகத்தைத் தூக்கிக்கொள்கிறான். பெயின்ற் அடித்தபோது அந்த ஆசனப் பெட்டியின் உட்புறத்தை மட்டும் அடிக்காமல் விட்டார்கள். அந்தப் பெயர்களுக்குக் கீழே தன்னுடையதையும் கீறச் சொல்லி மகள் தமையனை நச்சரித்தாள். அப்பாச்சி வேண்டாம் என்றுவிட்டார். "அவன் வந்து பாக்கட்டும், பிறகு கீறுங்கோ."

சென்ற ஆவணித் திருநாளுக்கு அப்பாச்சியை முன் ஆசனத்தில் ஏற்றி, கூடாரத்துணியும் கிடாரமும் பின்னால் போட்டு, மடுவுக்குப் போனார்கள். மகன் ஓட்டினான். மூன்றாம் கியர் இறக்கத்தில் நழுவி வெளியே வந்துவிடுகிறது. அதற்கு வேண்டிய சாமானுக்குக் கொழும்பில் சொல்லிவைத்திருக்கிறார்கள், இன்னும் கிடைக்கவில்லை. ஆகவே தகப்பன் நடு ஆசனத்தில் இருந்து, வழி நெடுக, கியர்த் தடியை ஒரு கையால் அமத்திப் பிடித்துக்கொண்டு போனார்.